ஆறு கம்பிக்கு மூன்று கட்டை

"கைய எடு."

அண்ணன் எடுக்கவில்லை. அவளுடைய கிட்டாரை மடியில் கிடத்தி, அதன் தலையில் ஸ்ருதி பார்க்கும் சின்னக் கருவியைக் கவ்வவிட்டு, பச்சை விளக்கு வருகிறதா என்று பார்த்தபடி கம்பியின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் மூன்று கம்பிகளை மாற்றியிருந்தான். இதோடு நான்கு.

"எடுன்னு சொல்றேன்ல."

"இரும்மா, முடிஞ்சிருச்சு. பச்சை வந்தா போதும்."

பச்சை வந்தது. இரண்டு கைகளாலும் கிட்டாரை அவளிடம் நீட்டினான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். மனிதர்களின் மூக்கைப் பார்த்து, உங்களுக்கு இதுதான் சார் எடுப்பு என்று சொல்லியே தலை நரைத்தவன். எதையும் அப்படித்தான் நீட்டுவான், ஏதோ அவர்களுக்காகவே செய்து வைத்திருந்ததுபோல.

அவள் கட்டைவிரலால் ஆறு கம்பிகளையும் ஒருமுறை வருடினாள். யாருடைய செருப்பிலோ கால் நுழைத்த மாதிரி இருந்தது.

"இப்பதான் கிட்டார் மாதிரி இருக்கு," என்று அண்ணன் ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரரிடம் சொன்னான். "சின்ன வயசுல தப்பா கத்துக்கிட்டா சார். எத்தனையோ தடவ சொல்லிட்டேன். பழகிருச்சு, மாத்திக்க மாட்டேங்கறா."

சவுண்டுக்காரர் பொதுவாகத் தலையை ஆட்டினார். இப்படி எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர்.

தப்பாகக் கற்றுக்கொண்டாள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். ஓட்டல் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் அவளிடம் வந்து, அப்படியாமே என்பார்கள். எதிரிலேயே வைத்துக்கொண்டு சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்தக் கம்பிகளை அப்படிக் கட்டியவன் அவன்.

அப்போது அவனுக்கு இருபது வயது, அவளுக்குப் பதினான்கு. வீடு காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு கிட்டாரை வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கம்பி இல்லை. அண்ணன் அதைத் தூக்கிவந்து, ஒரு செட் கம்பி வாங்கிவந்தான். எந்தக் கம்பி எந்த ஸ்ருதியில் நிற்க வேண்டும் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எதிர்வீட்டில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டான். கிட்டாரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், மூன்று வெள்ளைக் கட்டைகளைக் காட்டினார். இந்த மூன்றையும் ஒன்றாக அமுக்கு, சோகப் பாட்டெல்லாம் இதில்தான் வரும் என்றார். அண்ணன் அப்போது காதலித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

வீட்டில் ரொட்டிப் பாக்கெட் அளவுக்கு ஒரு பொம்மைக் கீபோர்டு கிடந்தது. அதில் அந்த மூன்று கட்டைகளின் மேலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினான். ஆறு கம்பி, மூணு கட்டை, கணக்கு சரியா வருது என்றான். கட்டையை அமுக்கிப் பிடிக்கிறது அவள் வேலை. அவன் சாவியைத் திருகிக்கொண்டே போவான். மூன்றில் எது முதலில் பொருந்துகிறதோ அங்கே நிறுத்திவிட்டு அடுத்த கம்பிக்குப் போவான். ஒரு கம்பி அறுந்து அவன் கன்னத்தில் கோடு போட்டது. சாயங்காலம் அந்தக் கோட்டோடு போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான்.

இரண்டு மாதத்தில் காதல் முடிந்தது. கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அவள் அதை வெளியே இழுத்தாள்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதுதான் கிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். எந்தக் கம்பியிலும் விரல் வைக்காமல் ஒருமுறை வருடினால் அறை முழுக்க ஒரு துக்கம் வந்து நின்றது. ஒரே விரலைக் கழுத்தின் குறுக்கே படுக்கவைத்து மேலும் கீழும் நகர்த்தினால் அந்தத் துக்கமும் கூடவே நகர்ந்தது. பிறகு ஒருநாள், மூன்றாவது கம்பியின் முதல் கட்டத்தில் மட்டும் ஒரு விரலை வைத்தபோது துக்கம் காணாமல் போயிற்று. விரலை எடுத்தாள், வந்தது. வைத்தாள், போயிற்று. அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவள் எழுந்து போகவில்லை. அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிப்போனாள்.

மற்றவர்களின் கிட்டாரில் துக்கத்துக்கு விரல் வேண்டும். அவளுடையதில் சந்தோஷத்துக்குத்தான் விரல் நோகும். இது அவளுக்குத் தெரியவந்தது வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு கடையில் மாட்டியிருந்த கிட்டாரைத் தொட்டுப் பார்த்தபோதுதான். கடைக் கிட்டார் கெட்டுப்போயிருக்கிறது என்று கடைக்காரரிடமே சொன்னாள். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டாள். அவன் அதற்குள் நண்பர்களோடு பாடப் போய் நாலு விஷயம் தெரிந்துகொண்டிருந்தான். "ஆமா, உன்னோடது தப்பு. முறையா கத்துக்கோ," என்றான். பிளாஸ்திரி ஒட்டிக் கம்பிகளைக் கட்டியது தான்தான் என்று சொல்லவில்லை. அதெல்லாம் அவனைவிட்டுச் சுத்தமாகப் போயிருந்தது.

அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் குஷன் கடையில் வேலை செய்கிறாள். பஸ் சீட், வேன் சீட், கிழிந்த சோபா, பல் மருத்துவரின் நாற்காலி, எது வந்தாலும் பிரித்துத் தைக்கிற கடை. பழைய ரெக்ஸினை உரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டி, ஓரத்துக்குப் பைப்பிங் என்கிற உருட்டுக் கரை கொடுத்து, கனத்த மெஷினில் ஏற்றுவாள். மெஷின் நுழையாத மூலையில் வளைந்த ஊசியால் கையால் தைப்பாள். அவள் தைத்த சீட்டில் தையல் ஓடும் கோடு அளவுகோல் வைத்தாற்போல இருக்கும். ஒரு சீட்டுக்குள் பழைய ஃபோமைத் திணித்து மேலே புது ரெக்ஸின் போட்டு அனுப்பச் சொன்ன ஒரு பஸ் முதலாளியிடம், உங்க வீட்டு மெத்தைல இப்படிப் போட்டுத் தரவா என்று கேட்டவள். அதிலிருந்து கடையில் அவளுக்கு 'கறார்' என்று பெயர். கடை முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். "கறாரு, டீ வந்திருச்சு" என்பார்.

கதவுப் பாட்டு அவள் கட்டியது. ஒரு விடுமுறை நாளில், மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, மூன்றாவது கம்பியில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தபோது மெட்டு வந்தது. மேல்வீட்டில் குடியிருந்த அண்ணன் கேட்டுவிட்டு இறங்கிவந்தான். மறுவாரம் அதற்கு வார்த்தை எழுதிக்கொண்டு வந்தான். 'சாத்தாத கதவுக்கு யார் காவல்' என்று ஆரம்பிக்கும். நல்ல வார்த்தைதான். அதை அவள் எப்போதும் மறுத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஓர் ஓட்டலின் முதல் மாடியில் அவள் வாசிப்பாள், அண்ணன் பாடுவான். பாதிப்பேர் சாப்பாட்டில் இருப்பார்கள். ஆனால் கதவுப் பாட்டு வந்தால் கரண்டிச் சத்தம் குறையும். போகிறபோது சிலர் வந்து அதை மட்டும் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பதிவு செய்து எல்லாருடைய செல்போனிலும் ஓடவிட வேண்டும் என்பது அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. அவளுக்கும்தான்.

அதற்குத்தான் இன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். டயர் கடைக்கு மேலே இருந்த இந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே சுவரில் ஒட்டியிருந்த ஃபோமைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு வருஷத்துல பொடியா கொட்டும் சார்," என்று சவுண்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். "கொட்டட்டும்கா. அதுக்குள்ள வாடகை தராம நானே கொட்டிருவேன்," என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது மூலையில் கிட்டார்ப் பெட்டியோடு தாடி வைத்த ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். அடுத்த பார்ட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தத் தாடி எழுந்து வந்தான்.

"தம்பி நம்ம பாட்டுக்கு வாசிக்க வந்திருக்கான்," என்றான் அண்ணன்.

"அப்ப நான் எதுக்கு வந்திருக்கேன்?"

"நீயும் வாசி. யாரு வேணாங்கறா? தம்பி முன்னாடி வாசிப்பான். நீ பின்னாடி லேசா."

"பின்னாடி லேசான்னா?"

"லேசா. துணைக்கு."

"என் பாட்டுக்கு நான் துணையா?"

"உம் பாட்டா? சரி, நம்ம பாட்டு. இங்க பாரும்மா, ஓட்டல்ல எப்படி வாசிச்சாலும் ஓடிரும். பதிவுன்னா வேற. கிட்டார் தப்பா நின்னா குரலும் தப்பா நிக்கும். போன வாரம் நீயே கேட்டேல்ல, அந்த எடத்துல சேரவே இல்ல. கிட்டார்தான் சேரல."

எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். 'யார் காவல்' என்கிற இடம். அங்கே குரல் மேலே ஏற வேண்டும். போன சில மாதங்களாக அந்த இடம் வந்தால் அண்ணன் மைக்கைச் சாப்பிடுகிறவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறான். அவர்கள் பாடுவார்கள், கைதட்டுவார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பான். போகிற இடமெல்லாம் வெந்நீர் பிளாஸ்கும் வர ஆரம்பித்திருந்தது. அவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் கேட்டதில்லை.

"தம்பி, நீங்க வாசிச்சுக் காட்டுங்க," என்றான் அண்ணன்.

தாடி வாசித்தான். சுத்தமாக வாசித்தான். ஒரு கம்பிகூடப் பிசிறவில்லை. ஆனால் வேறு ஏதோ வீட்டுக் கதவுபோல இருந்தது. அவள் கிட்டாரில் எல்லாக் கம்பியும் திறந்து கிடந்து ஒலித்துக்கொண்டே இருக்கும், ஒரு விரல் மட்டும் போய்வரும். இவன் ஒவ்வொரு தடவையும் மொத்தக் கையையும் மாற்றினான். மாற்றும்போதெல்லாம் சத்தம் அறுந்தது. அவனுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நீங்க எப்படி ஸ்ருதி வெச்சிருந்தீங்க?" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அண்ணனின் கருவியைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். இரண்டு முறைக்கும் ஒரே ஸ்ருதியில் நிற்பதால் அவன் தொட்டுக் கெடுக்காத இரண்டு கம்பிகள் மிச்சம் இருந்தன, நான்காவதும் ஐந்தாவதும். அவற்றை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் காதாலேயே ஒவ்வொன்றாக இறக்கினாள். கோபத்தில் ஒரு கம்பியை அளவுக்குமேல் தளர்த்திவிட்டு மறுபடி ஏற்றினாள். அண்ணன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வாசித்தாள். முதல் வருடலிலேயே தாடி நிமிர்ந்தான்.

"ஓபன் மைனர்," என்றான். "இதுதானா! நல்லாருக்குக்கா."

"என்ன சொன்ன?"

"ஓபன் மைனர் டியூனிங். கம்பிய சும்மா விட்டாலே மைனர், அதான் அந்த சோகச் சத்தம், வரும். நானும் எப்பவோ வாசிச்சிருக்கேன்."

"இது தப்பு இல்லையா?"

"தப்பா? எத்தனையோ பேரு வேணும்னே இப்படித்தான் வெச்சுக்கறாங்க."

இத்தனை வருடமாக அவள் வாசித்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அண்ணனைத் தவிர ஊரில் யாரோ அதைத் தப்பென்று சொல்லாமலும் இருந்திருக்கிறார்கள். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

தாடி அதற்குள் தன் கிட்டாரின் சாவிகளைத் திருகி, அவளுடைய ஸ்ருதியிலேயே கம்பிகளை நிறுத்தியிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். பாதி தூரம் போவதற்குள் விரல் பழகிவிட்டது. அவள் பல வருடம் கட்டிலில் உட்கார்ந்து தேடியதை அவன் ஒரு டீ ஆறுகிற நேரத்தில் வாசித்தான். அவளைவிடச் சுத்தமாகவே வாசித்தான். அந்தத் தாடியைப் பிடித்து இழுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதும் சேர்ந்தே எரிந்தது.

"பாத்தியா?" என்றான் அண்ணன். "முறையா கத்துக்கிட்டவனுக்கு இவ்ளோதான். தம்பி, சூப்பர். இப்படியே எடுத்துரலாம்."

"எடுக்கலாம் சார். ஆனா நீங்க போன்ல சொன்ன ஸ்ருதியவிட இது ரெண்டு படி மேல நிக்குதே. எதுல பாடப் போறீங்க?"

அண்ணன் ஒரு வாய் வெந்நீர் குடித்தான்.

"ரெண்டு படி கீழ வாசிக்கச் சொன்னானா?" என்று அவள் தாடியிடம் கேட்டாள்.

"ஆமாக்கா. சாருக்கு அதுதான் சௌகரியம்னு..."

"தம்பி, அது ஒண்ணுமில்ல, பதிவுக்குக் கொஞ்சம் கீழ இருந்தா கனமா இருக்கும்னு," என்றான் அண்ணன்.

"கிட்டார் சேரலன்னியே?" என்றாள் அவள்.

"மெதுவா பேசு."

"கிட்டார் தப்பு, நான் தப்பு, நான் கத்துக்கிட்டது தப்பு. உன் தொண்டை ஏறல, அதுதானே விஷயம்?"

சவுண்டுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். தாடி தன் கம்பிகளைப் பார்த்தான்.

"வயசாகுதுன்னா எல்லாருக்கும்தான் ஆகும்," என்றாள். "எனக்கும் ஆகுது. ஊசில நூல் கோக்க நீ கொடுத்த கண்ணாடியத்தான் போட்டுக்கறேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த, ஏறமாட்டேங்குது, கொஞ்சம் இறக்கும்மான்னு சொல்லியிருந்தா ஆறு கம்பியையும் ரெண்டு படி தளத்தியிருப்பேன். ஒரு நிமிஷ வேலை. என் விரல் அதே எடத்துலதான் இருக்கும். அதுக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து, என்னையப் பின்னாடி உக்காரவெச்சு, தப்பா கத்துக்கிட்டான்னு..."

"சரி சரி. இப்ப இறக்கு. அதுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?"

"இறக்கறேன்."

"இறக்கு."

"இறக்கறேன். மொதல்ல இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. இந்தக் கம்பிய இப்படிக் கட்டினது யாரு?"

"என்னது?"

"யாரு கட்டினது?"

"அது எப்பவோ... முப்பது வருஷம் ஆகப்போகுது. யாருக்கு ஞாபகம்?"

"எனக்கு. கீபோர்டுல பிளாஸ்திரி ஒட்டினியே. நான் கட்டைய அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ திருகின. ஒரு கம்பி அறுந்து உன் கன்னத்துல அடிச்சுது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினா."

"கன்னத்துலயா?" அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் முகத்தில் ஏதோ வந்தது. வந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். பிறகு சிரித்தான். கடைச் சிரிப்பு.

"சரி, நானாவே இருக்கட்டும். போதுமா?"

"இருக்கட்டும்னா என்ன? கட்டினியா, இல்லையா?"

"இருக்கட்டும்னுதான் சொல்றேனே. அதையே எதுக்குப் பிடிச்சுத் தொங்கற?"

"நீ கட்டினத நான் வாசிச்சேன். அத நீ ஊருக்கெல்லாம் என் தப்புன்னு சொன்ன. அதுக்குத்தான் தொங்கறேன்."

அவன் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினான். "இப்படித்தான் சார், வீட்லயும். வாயக் குடுத்து மீள முடியாது."

சவுண்டுக்காரர் மைக்கில் சொன்னார்: "சார், நாலு மணிக்கு வேற பார்ட்டி இருக்கு. யாராவது ஒருத்தர் வாசிச்சுருங்க."

அண்ணன் தாடியைப் பார்த்தான். தாடி உடனே சாவியில் கை வைத்தான், இறக்குவதற்கு.

"நான் வாசிக்கறேன்," என்றாள் அவள். தாடி கையை எடுத்துவிட்டான். அவன் எதற்கு எடுத்தான் என்று அவனைக் கேட்டால்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் குரல் அப்படி இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அண்ணனும் வேறு வழியில்லாமல் தன் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். சவுண்டுக்காரர் விரலை உயர்த்தினார்.

சாவிகளை அவள் தொடவில்லை. இருந்த இடத்திலேயே ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு வரி நன்றாகவே வந்தது. அண்ணனின் குரல் கீழே இன்னும் நல்ல குரல்தான். ஹெட்போனுக்குள் அவன் மூச்சுகூடக் கேட்டது. மேலே ஏறுகிற இடம் நெருங்கியபோது அவன் அவளைப் பார்த்தான். ஓட்டலாக இருந்தால் மைக்கைத் திருப்பியிருப்பான். இங்கே திருப்ப ஆளில்லை. 'யார்' என்று தொட்டான். குரல் பாதியில் இரண்டாகப் பிளந்தது.

"இன்னொரு டேக் போலாம் சார்," என்றார் சவுண்டுக்காரர்.

இன்னொரு தடவை. அதே இடத்தில் அதே மாதிரி. அண்ணன் வெந்நீர் குடித்தான். அவளைப் பார்க்காமல், "கொஞ்சம் இறக்கேன்," என்றான். சின்னக் குரலில்.

"யாரு கட்டினது?"

அண்ணன் வாயைத் திறந்தான். சவுண்டுக்காரரைப் பார்த்தான், தாடியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாவது தடவை அந்த இடத்தில் சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசிக் கம்பி வரைக்கும், பாட்டு முழுவதும் வாசித்தாள். கம்பிகள் ஒலித்து ஓயும்வரை கையை எடுக்கவில்லை. அவன் குரல் பிளந்தபோது அவளுக்கு இனித்தது. அதை அவள் தனக்குள் மறுத்துக்கொள்ளவில்லை. இறக்கியிருக்கலாம் என்பதும் அதே நேரத்தில் தெரிந்திருந்தது. ஆறு சாவி. ஒரு நிமிஷம்.

அண்ணன் பிளாஸ்கின் மூடியைத் திருகினான். சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை திருகினான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான்.

"அக்கா, இறக்கியிருக்கலாமேக்கா," என்றான் தாடி, பெட்டியை மூடிக்கொண்டே.

"உன்ன யாரும் கேக்கல."

"இல்லக்கா. சும்மா சொன்னேன்."

"சும்மா எதுக்குச் சொல்ற?"

வீட்டில் அவள் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவன் லாண்டரி வண்டி ஓட்டுகிறவன். ஊர்த் துணியெல்லாம் மடித்துவிட்டு வந்து வீட்டுத் துணியையும் அவனே மடிப்பான், அவள் மடித்தால் அவனுக்குப் பிடிக்காது. நடந்ததை முழுவதும் கேட்டான்.

"உங்கண்ணன் பாடினா காதப் பொத்திக்கலாம். பேசினா எதப் பொத்திக்கறது?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னவாம் அவனுக்கு?" என்றாள். "நான்தான் கட்டினேன். மூணு வார்த்தகூட இல்ல."

"சொல்லிட்டா அப்புறம் அது அவரோட தப்பாயிருமே."

"தப்பே இல்லன்னு அந்தப் பையன் சொல்றான்! தப்பே இல்லாததுக்கு ரெண்டு பேரும்..." அவள் முடிக்கவில்லை. மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து உதறினாள், ஏன் என்று தெரியாமல். அவன் அதை வாங்கி மறுபடி மடித்தான்.

மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் அவள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனாள். பள்ளி வேன் ஒன்றின் சீட்டுகள் வந்திருந்தன. பழைய ரெக்ஸினைப் பிரித்தாள். முந்தின நாள் அவள் இல்லாதபோது வேறொருவர் தைத்த சீட்டில் பைப்பிங் கோணலாக இருந்தது. அதையும் பிரித்தாள். முதலாளி, கறாரு, அது போதும் விடு என்றார். அவள் விடவில்லை. பதினொரு மணிவாக்கில் தாடி போன் செய்தான். சார் மறுபடியும் ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறார், இரண்டு படி இறக்கி வாசிக்கச் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். வேலையில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். மதியம் ஓட்டல் மேனேஜருக்குப் போன் செய்து, இனிமேல் சனிக்கிழமைகளில் தனியாகத்தான் வருவேன் என்றாள். பாடுகிற ஆள் இல்லாமல் கிட்டார் மட்டும் எப்படிம்மா, கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். சாயங்காலத்துக்குள் சவுண்டுக்காரர் தாடி வாசித்த புதுப் பதிவை அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் அதைக் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பினான், அவளுக்கும் வந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. ஆறரை மணிக்கு மெஷினைத் துடைத்து, உறை போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.